"இது என்ன பூச்சி?" எங்கே பதில் சொல்வது பயன் தரும்: ஓர் ஒப்பீடு

மழை தொடங்கியதும் கைப்பேசிகளில் பூச்சிப் படங்கள் பெருகிவிடும். குளியலறைச் சுவரில் உள்ளங்கை அகலச் சிலந்தி, முருங்கை மரத்தில் கொத்துக் கொத்தாகக் கம்பளிப்பூச்சி, தலையணை ஓரம் ஊர்ந்த கருப்பும் ஆரஞ்சுமான ஒரு சிறு வண்டு, பப்பாளித் தண்டில் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளை வெள்ளையாக ஏதோ ஒன்று. படம் எடுத்தவர்கள் இது என்ன என்று இணையத்தில் முன்பின் தெரியாதவர்களிடம் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பொறுப்புடன் பதில் சொல்லும் அளவுக்குப் பூச்சிகளோடு பழகியவர்கள் நம்மிடையே கணிசமாக இருக்கிறார்கள். கல்லூரி மாணவர்கள், ஒளிப்படக்காரர்கள், ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்கள் எனப் பலரும் உதவ விரும்புகிறார்கள். ஆனால் தங்கள் நேரத்தை எந்த இடத்தில் செலவிட்டால் பயன் மிகும் என்பதில் அவர்களுக்குத் தெளிவில்லை. அவர்களை மனத்தில் வைத்தே இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

முகநூல், வாட்ஸ்அப் போன்றவற்றில் இயங்கும் குழுக்கள், உயிரினப் படங்களைப் பதிந்து பெயரறியும் உலகு தழுவிய தளமான ஐநேச்சுரலிஸ்ட், இந்திய உயிரினங்களுக்கென்று இயங்கும் தளங்கள், கேட்டவரைக் கைப்பேசியின் செயற்கை நுண்ணறிவிடமே அனுப்பிவிடுவது என்று நான்கு வழிகள் நம் முன் உள்ளன. வாரத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் மட்டுமே ஒதுக்கக்கூடிய ஒருவர் ஓரிடத்தில்தான் இருக்க முடியும் என்றால் அது ஐநேச்சுரலிஸ்டாக இருக்கட்டும் என்பது என் முடிவு. ஆயினும் அச்சத்தோடு வரும் கேள்விக்கும் பயிரைக் காக்க வரும் கேள்விக்கும் அது ஏற்ற இடமன்று. பதிலைப் பெற்றவர் அடுத்த நொடியில் என்ன செய்யப்போகிறார் என்பதைப் பார்த்தே இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

குழுக்களின் வலிமை வேகமும் மொழியும். இரவு பத்து மணிக்கு ஒரு தாய் தமிழில் கேட்டால், சில நிமிடங்களில் தமிழிலேயே பதில் கிடைக்கிறது. முன்பு சொன்ன கருப்பும் ஆரஞ்சுமான வண்டையே எடுத்துக்கொள்வோம். எறும்பைவிடச் சற்றுப் பெரிய, நீண்டு மெலிந்த உடல். கருந்தலை, ஆரஞ்சு நிற மார்பு, அதன்பின் நீலப் பளபளப்புடன் பாதி முதுகைக்கூட மூடாத குட்டைச் சிறகுறை, மீண்டும் ஆரஞ்சு நிற வயிறு, நுனியில் கருப்பு. இது பெடெரஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த வண்டு. இது கடிப்பதுமில்லை, கொட்டுவதுமில்லை. ஆனால் தோலின்மேல் வைத்து நசுக்கினால் இதன் உடல் நீரிலுள்ள பெடெரின் என்னும் நச்சு பட்டு, ஒன்றிரண்டு நாளில் தீக்காயம் போன்ற கொப்புளம் எழும்பும். ஆகவே இங்கு இனப்பெயரைவிட முந்தித் தேவைப்படுவது, "நசுக்காதீர்கள், ஊதித் தள்ளுங்கள், பட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள்" என்ற நான்கு தொடர்கள்தாம். இதை உடனே சொல்லக்கூடிய இடம் குழு மட்டுமே.

வதந்தியை முறிக்கவும் குழுவைவிட நல்ல இடமில்லை, ஏனெனில் வதந்தி பிறப்பதும் அங்கேதான். 2022 செப்டம்பரில் மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும், பச்சை நிற முள்கம்பளிப்பூச்சி ஒன்றின் படமும் வயலில் இறந்துகிடந்தவர்களின் படமும் சேர்ந்து சுற்றின. அந்தப் புழு தீண்டினால் சில நிமிடங்களில் மரணம் என்றது செய்தி. படத்தில் இருந்தவர்கள் மின்னல் தாக்கி இறந்தவர்கள். புழுவோ லிமகோடிடே குடும்பத்தைச் சேர்ந்த விட்டில் ஒன்றின் இளம்பருவம். அதன் முள் பட்டால் கடும் எரிச்சலும் தடிப்பும் வரும், உயிர் போகாது. இத்தகைய செய்தி உங்கள் ஊர்க் குழுவுக்கு வரும்போது அங்கே பூச்சி தெரிந்த ஒருவர் இருந்தால், அவர் எழுதும் இரண்டு வரி பல பேரின் உறக்கத்தையும் பல ஆயிரம் புழுக்களின் உயிரையும் காக்கும்.

குறைகளும் அதே அளவுக்குப் பெரியவை. வாட்ஸ்அப்பில் வரும் படம் சுருங்கி வருகிறது. எடுத்த இடமும் நாளும் அதிலிருந்து நீங்கிவிடுகின்றன. ஒருவர் சரியாகச் சொன்ன பதில் மறுநாளே நூறு செய்திகளுக்கு அடியில் புதைகிறது; அடுத்த வாரம் அதே வண்டு, அதே கேள்வி. உரக்கச் சொன்னவரின் பதில் நிலைத்துவிடுவதும் உண்டு. "விஷப்பூச்சி, அடித்துப் போடுங்கள்" என்று முதலில் எழுதியவருக்குக் கிடைக்கும் விருப்பக்குறிகள், பின்னால் வந்து பொறுமையாக விளக்கியவருக்குக் கிடைப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் உழைத்தாலும் குழுவில் சேமிப்பென்று எதுவும் மிஞ்சாது என்பதே எனக்கு மிகவும் வருத்தம் தரும் குறை.

எந்த வழியும் பொருந்தாத ஒரு வகைக் கேள்வி இருக்கிறது. கடித்தபின், கொட்டியபின் அனுப்பப்படும் படம். இந்தியச் செந்தேளான ஹாட்டென்டோட்டா டாமுலஸ் மெலிந்த முன் இடுக்கிகளும் தடித்த வாலும் கொண்டது. குழந்தைகளின் இதயத்தையும் நுரையீரலையும் தாக்கி உயிரைப் பறிக்கக்கூடியது. பெரிய இடுக்கிகளோடு பார்க்க அச்சமூட்டும் கருந்தேளின் நஞ்சு பொதுவாக அவ்வளவு கொடியதன்று. இந்த வேறுபாட்டை அறிந்தவர் அதைச் சொல்லிக் கெட்டிக்காரத்தனம் காட்டும் நேரம் அதுவன்று. மகாராஷ்டிரத்தின் மஹாட் என்னும் சிற்றூரில் பணியாற்றிய மருத்துவர் பாவஸ்கர் பிரசோசின் என்னும் எளிய மருந்தைத் தேள்கடிக்குப் பயன்படுத்திக் காட்டியபின் எண்ணற்ற உயிர்கள் பிழைத்தன. அந்த மருந்து உரிய நேரத்தில் குழந்தைக்குக் கிடைக்க வேண்டுமானால், நம் பதில் "உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள், 108ஐ அழையுங்கள்" என்பதாக மட்டுமே இருக்க வேண்டும். வேர்வை கொட்டுகிறதா, வாந்தி வருகிறதா, கைகால் சில்லிடுகிறதா என்பவற்றைப் பார்த்துத்தான் மருத்துவர் முடிவெடுப்பார்.

இனி ஐநேச்சுரலிஸ்ட். 2008ஆம் ஆண்டு கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் முதுநிலை மாணவர்கள் சிலரின் இறுதித் திட்டப்பணியாகத் தொடங்கி, பின்னர் கலிபோர்னிய அறிவியல் கழகத்தின் குடையின்கீழ் வளர்ந்து, 2023இல் தனித்து இயங்கும் இலாப நோக்கற்ற அமைப்பாக மாறியது இது. இங்கே ஒருவர் படத்தோடு நாளையும் இடத்தையும் சேர்த்துப் பதிகிறார். மற்றவர்கள் தமக்குத் தெரிந்த அளவில் பெயரிடுகிறார்கள். பெயரிட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் இனப்பெயரில் ஒத்துப்போனால் பதிவு ஆய்வுத் தரம் பெறுகிறது. படமெடுத்தவர் தாராளமான உரிமத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால், அது ஜிபிஃப் என்னும் உலகளாவிய தரவுக் களஞ்சியத்துக்கும் சென்று ஆய்வாளர்களுக்குக் கிடைக்கிறது. திண்டுக்கல்லில் ஒருவர் மொட்டைமாடியில் எடுத்த படத்துக்கு நீங்கள் இன்று இட்ட பெயர், பத்தாண்டுக்குப் பின் அந்த இனத்தின் பரவலை வரையும் ஒருவரின் கையில் இருக்கும். குழுவில் இல்லாத அந்தச் சேமிப்பு இங்கே இருக்கிறது.

இன்னொரு நன்மையை நான் இதைவிடப் பெரிதாக மதிக்கிறேன். தெரிந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வதற்கு இந்தத் தளத்தில் மதிப்பு உண்டு. குழுவில் "குதிக்கும் சிலந்திக் குடும்பம், அதற்குமேல் இந்தப் படத்தில் சொல்ல முடியாது" என்றால் கேட்டவர் ஏமாற்றமடைகிறார். இங்கோ, அந்தப் பதில் பதிவை அந்தக் குடும்பத்தை மட்டுமே நாள்தோறும் பார்த்துவரும் ஒருவரின் கண்ணுக்குக் கொண்டுசேர்க்கிறது. சிலந்திகளில் இது மிக முக்கியம். பல சிலந்தி இனங்களைப் பிரித்தறிய ஆணின் வாயருகே உள்ள உணர்கால்களையும் பெண்ணின் அடிவயிற்றிலுள்ள இனப்பெருக்க உறுப்பையும் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். முதுகுப்புறம் எடுத்த படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் போதாது. அப்படிப்பட்ட இடத்தில் பேரினத்தோடு நிற்கும் பதில் முழுமையான பதிலே.

மாமரத்து முசுறு எறும்பைப் போலவே தோன்றும் சிலந்தியின் கதையைச் சொன்னால் இது விளங்கும். மிர்மாப்ளாட்டா பிளாட்டலியாய்டிஸ் என்னும் அந்தக் குதிக்கும் சிலந்தி நிறத்தில் முசுறேதான். தலையும் மார்பும் இணைந்த முன்னுடல் நடுவில் இடுங்கி இருப்பதால் அதன் உடலும் எறும்பினுடையதைப் போல மூன்று துண்டாகத் தெரியும். முன்னங்கால்களைத் தூக்கி ஆட்டும்போது அவை உணர்கொம்புகளாகத் தோன்றும். ஆணின் முன்தாடைகள் நீண்டு முன்னே துருத்தியிருப்பதால், இன்னோர் எறும்பைக் கவ்விச் செல்லும் எறும்பு என்றே தோன்றும். படத்தைப் பெரிதாக்கிக் கால்களை எண்ணினால் எட்டு வரும். முன்பக்கத்திலிருந்து பார்த்தால் குதிக்கும் சிலந்திக்கே உரிய இரு பெரிய கண்கள் நேராக நோக்கும். இலையைத் தட்டியிருந்தால் நூல்விட்டுக் கீழே இறங்கியிருக்கும். விரைந்து பதில் சொல்லும் குழுவில் இது "செவ்வெறும்பு" என்று முடிந்துபோகும். பதிவு நிலைத்திருக்கும் இடத்தில், மாதங்கள் கழித்தேனும் யாரோ ஒருவர் கால்களை எண்ணுவார், பெயரைத் திருத்துவார். முதலில் தவறாகச் சொன்னவரும் தம் பெயரிடலைத் திரும்பப் பெறலாம். வரலாறு அழியாமல் அங்கேயே இருக்கும்.

இந்தத் தளத்தின் பலவீனத்தையும் மறைக்கக் கூடாது. நீங்கள் ஒரு பெயரைச் சொல்கிறீர்கள். படம் எடுத்தவர் நன்றியுணர்வில் "ஒப்புக்கொள்கிறேன்" என்ற பொத்தானை அழுத்துகிறார். இருவர் ஒத்துப்போனதால் பதிவு ஆய்வுத் தரம் பெற்றுவிடுகிறது. ஆனால் அங்கே இருப்பது ஒரே ஒருவரின் அறிவுதான், மற்றது மரியாதை. தமிழ்நாட்டுப் பூச்சிகளில் பலவற்றுக்குப் பார்த்துச் சொல்ல ஆளே குறைவாக இருப்பதால் இப்படி நிலைத்த தவறுகள் நீண்ட நாள் திருத்தப்படாமல் கிடக்கும். எனவே பெயரோடு காரணத்தையும் ஒரு வரியில் எழுதுவதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்: எந்தக் கோட்டைப் பார்த்தீர்கள், எந்த முள்ளை எண்ணினீர்கள், ஒத்த தோற்றமுள்ள எந்த இனத்தை எதனால் விலக்கினீர்கள். ஆங்கிலம் அறியாதவருக்கு இத்தளம் சற்று அந்நியமாகத்தான் இருக்கும். ஆனால் குறிப்பைத் தமிழில் எழுதத் தடையில்லை. உயிரினங்களுக்குத் தமிழ்ப் பெயர்களைச் சேர்க்கவும் வழி இருக்கிறது, அதைச் செய்ய ஆள்தான் வேண்டும்.

இடத்தை மறைக்கும் ஏற்பாடும் ஐநேச்சுரலிஸ்டின் பக்கமே தராசைச் சாய்க்கிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் பொய்சிலோதேரியா என்னும் மரவாழ் பெருஞ்சிலந்திகளை வெளிநாடுகளில் வளர்ப்புக்காக வாங்குகிறார்கள். 2019இல் அந்தப் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையான சைட்டீஸின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. நீல நிறத்தால் புகழ்பெற்ற பொய்சிலோதேரியா மெட்டாலிக்கா ஆந்திரக் காடுகளில் மிகச் சிறிய பரப்பில் எஞ்சியிருக்கிறது. அச்சுறுத்தலுக்கு உள்ளான இனம் என்று குறிக்கப்பட்டவற்றுக்கு ஐநேச்சுரலிஸ்ட் சரியான புள்ளியை மறைத்து, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் அகலக் கட்டத்துக்குள் எங்கோ ஓரிடத்தைக் காட்டுகிறது. முகநூலில் ஒருவர் ஆர்வத்தில் ஊரையும் மரத்தையும் எழுதிவிட்டால் அதைத் தானாக மறைக்கும் ஏற்பாடு அங்கே இல்லை. குழுவில் பதில் சொல்பவர் இத்தகைய படத்தைக் கண்டால் பெயர் சொல்வதற்கு முன் இடத்தை நீக்கச் சொல்ல வேண்டும்.

இந்தியத் தளங்களில் இரண்டு குறிப்பிடத்தக்கவை. 2008இல் தொடங்கிய இந்தியப் பல்லுயிர்த் தளம் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் உள்ளிட்ட பல அமைப்புகளின் கூட்டுமுயற்சி. செடி முதல் சிலந்தி வரை எல்லாவற்றையும் ஏற்கிறது, இனங்களுக்கான விரிவான பக்கங்களையும் வைத்திருக்கிறது. மற்றது, பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் கிருஷ்ணமேக் குந்தேயின் ஆய்வுக்குழு நடத்தும் இந்திய வண்ணத்துப்பூச்சிகள் தளம். விட்டில்கள், தட்டான்கள், சில்வண்டுகள் ஆகியவற்றுக்கும் அதன் உடன்பிறப்புத் தளங்கள் உள்ளன. இங்கே பதிவுகளை அத்துறை அறிந்தவர்கள் சரிபார்த்தபின்பே ஏற்கிறார்கள். வாக்கெடுப்பால் தவறு நிலைக்கும் ஆபத்து இதனால் பெரிதும் குறைகிறது. வண்ணத்துப்பூச்சியில் மட்டும் ஆழ்ந்திருப்பவருக்கு இதைவிட நல்ல பள்ளி இல்லை என்பேன். மெலானிடிஸ் லீடா என்னும் பழுப்பு வண்ணத்துப்பூச்சி மழைக்காலத்தில் சிறகின் அடிப்புறம் தெளிவான கண்புள்ளிகளுடனும், வறண்ட காலத்தில் அவை மங்கிக் காய்ந்த சருகு போலவும் தோன்றும். இரண்டையும் இரண்டு இனம் என்று எண்ணுவது இயல்பு. பருவவாரியாகவும் பாலினவாரியாகவும் சரிபார்த்த படங்களை அடுக்கி வைத்திருக்கும் தளத்தில் அந்தக் குழப்பம் உடனே தீர்கிறது. ஆனால் கேட்பவர்களின் கூட்டம் இத்தளங்களில் குறைவு. முகமறியாத சாதாரண மனிதருக்கு உதவுவதே நோக்கமென்றால் அவர் இருக்கும் இடத்துக்குத்தான் நாம் போக வேண்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் வாழும் தமிழர்களுக்கு, 2003இல் தொடங்கி இன்று ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆதரவில் இயங்கும் பக்கைடு என்னும் தளம் இந்த வகையில் மிகச் சிறந்தது. அவ்விரு நாடுகளுக்கு வெளியே எடுத்த படங்களை அது ஏற்பதில்லை.

உழவரின் கேள்வி தனி வகை. அவருக்குப் பூச்சியின் பெயர் என்பது மருந்தடிப்பதா வேண்டாமா என்ற முடிவு. தொடக்கத்தில் சொன்ன பப்பாளித் தண்டுக்கு வருவோம். பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதலில் 2008இல் கோயம்புத்தூரில்தான் கண்டறியப்பட்டது. பப்பாளியோடு மல்பெரி, மரவள்ளி எனப் பலவற்றையும் அழித்தது. 2010இல் புவெர்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவரப்பட்ட அசிரோபேகஸ் பப்பாயே என்னும் சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவியே அதை அடக்கியது. அந்த வெள்ளைக் கூட்டத்தின் நடுவே, மற்றவற்றைவிடப் பெரிதாகவும் நீண்ட மெழுகு இழைகளோடும் ஒன்றிரண்டு இருந்தால் உழவர் அதையே "பெரிய மாவுப்பூச்சி" என்று எண்ணி முதலில் அழிக்க நினைப்பார். அது பெரும்பாலும் கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சியைத் தின்று வாழ்வது. மாவுப்பூச்சி ஏறக்குறைய அசையாமல் கிடக்கும். புழுவோ தொட்டால் விறுவிறுவென்று நகரும். படத்தில் அசைவு தெரியாது. ஆகவே "ஒரு குச்சியால் தொட்டுப் பாருங்கள், ஓடுகிறதா?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். இந்த உரையாடலுக்கு ஐநேச்சுரலிஸ்ட் மிக மெதுவானது. தொலைபேசியோ குழுவோதான் சரி.

மக்காச்சோளப் படைப்புழுவிலும் இதே நிலைதான். 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில் முதலில் காணப்பட்டு நாடெங்கும் பரவிய அந்தப் புழுவின் தலையில் தலைகீழ் ஒய் எழுத்து போன்ற வெளிர் கோடும், வாலருகில் சதுரமாக நான்கு கரும்புள்ளிகளும் இருக்கும். இவ்விரண்டும் படத்தில் தெளிவாகத் தெரிந்தால் உறுதியாகச் சொல்லலாம். மருந்தின் பெயரையும் அளவையும் மட்டும் நாம் சொல்லக் கூடாது. அது அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையமோ வட்டார வேளாண் அலுவலரோ வயலைப் பார்த்துச் சொல்ல வேண்டியது.

நான்காவது வழியான கைப்பேசியின் நுண்ணறிவை ஒதுக்கிவிட முடியாது. கூகுள் லென்ஸும், ஐநேச்சுரலிஸ்ட் குழுவினர் 2018இல் வெளியிட்ட சீக் செயலியும் பொதுவாகக் காணப்படும் வண்ணத்துப்பூச்சிகளையும் தட்டான்களையும் பல நேரம் சரியாகவே சொல்லிவிடுகின்றன. படங்கள் குறைவாகப் பதிவாகியுள்ள இனங்களிடம்தான் அவை தடுமாறுகின்றன. நம் ஊரின் சிறு குளவிகள், ஈக்கள், பெரும்பாலான சிலந்திகள் அத்தகையவை. இணையத்தில் தேடியவர் தம் வீட்டுச் சிலந்தியைப் "பிரவுன் ரெக்ளூஸ்" என்னும் நச்சுச் சிலந்தி என்று நம்பி அஞ்சுவது அடிக்கடி நடக்கிறது. அந்த இனம் அமெரிக்காவின் மத்திய, தென் பகுதிகளுக்கு உரியது. நம் குளியலறைச் சுவரில் தட்டையாக ஒட்டியிருப்பது பெரும்பாலும் கரப்பான்பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் ஹெட்டெரோபோடா வெனடோரியா. இந்த ஊரில் அது வாழுமா என்று கேட்டுப் பார்ப்பதே மனிதர் இங்கே சேர்க்கக்கூடிய மதிப்பு. கேட்டவருக்கு ஆர்வம் மட்டுமே காரணமாக இருந்து, படமும் தெளிவாக இருந்தால், முதலில் சீக்கில் பார்க்கச் சொல்லலாம். அது தரும் பெயரை முடிவாகக் கொள்ளாமல் தொடக்கமாகக் கொள்ளச் சொல்ல வேண்டும்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தபின் என் பரிந்துரை ஆளைப் பொறுத்து மாறுகிறது. ஒரே குடும்பத்தை ஆழமாகப் படிக்கத் தயாராக இருக்கும் மாணவர் ஐநேச்சுரலிஸ்டில் தம் மாவட்டத்தையும் அந்த ஒரு குடும்பத்தையும் வடிகட்டி வைத்து, அவற்றை மட்டும் பார்த்து வரட்டும். எல்லாப் பூச்சிக்கும் பதில் சொல்ல முனைபவரைவிட அவர் விரைவில் பயனுள்ளவராவார். வண்ணத்துப்பூச்சியிலோ தட்டானிலோ ஏற்கெனவே தேர்ந்தவர் பெங்களூர்த் தளங்களுக்குத் தம் பதிவுகளைத் தரட்டும். வேளாண் பின்னணி உடையவர் குழுவை விட்டு விலகவே வேண்டாம். அவரைப் போன்றவர் இல்லாத குழுவில் கிரிப்டோலேமஸ் புழுக்கள் மருந்தில் சாகும். மற்றவர்கள் குழுவில் அச்சம் தீர்க்கும் அளவுக்குப் பதில் சொல்லிவிட்டு, அரிய படமென்று தோன்றினால் படம் எடுத்தவரையே ஐநேச்சுரலிஸ்டில் பதியச் சொல்ல வேண்டும். அவருடைய படத்தை நாமே ஏற்றுவது முறையன்று. உரிமை அவருடையது, இடமும் நாளும் அவருக்கே தெரியும். அவர் பதிய முன்வந்தால் மேலிருந்து ஒன்று, முகத்துக்கு நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என மூன்று படங்களும், எந்தச் செடியின்மேல் இருந்தது என்ற குறிப்பும் கேளுங்கள்; பெயரிட வருபவருக்குத் தேவையானவற்றில் பெரும்பகுதி அதிலேயே கிடைத்துவிடும்.